தெருவிளக்கு எரியவில்லை

முப்பிடாதி மனு எழுத உட்கார்ந்தால் முதலில் பிள்ளையார் சுழி போடுவாள், கடைசியில் கொசுறு போடுவாள். நடுவில் இருப்பதை யாரும் படிக்கப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எதிரே நிற்பவருக்கும் தெரியும்.

வேம்படித்துறை கலெக்டர் ஆபீஸ் வாசலில், புங்க மரத்தடியில் அவளுடைய மடக்கு மேசை. அதன்மேல் மூலை உடைந்த டேப்லெட். திங்கட்கிழமைகளில் வரிசை கேட்டைத் தாண்டி நிற்கும். ஒரு காலத்தில் மனுவை மனிதர்கள் வாங்கினார்கள். வாங்கி, 'மேல் நடவடிக்கைக்கு' என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளினார்கள். இப்போது வாங்குவது நீராணி. மடை திறந்து மூடுகிறவனுக்கு அந்தக் காலத்தில் இருந்த பெயரை மாவட்டக் குடிநீர் சர்வருக்கு வைத்திருந்தார்கள். ஊரின் அத்தனை வால்வுகளும் அதன் கையில். தண்ணீர், விளக்கு, சாக்கடை என்று வரும் மனுக்களும் அதன் கையில். மனிதர்களைப் போலவே அதுவும் படிக்காமல்தான் தள்ளியது.

கொசுறு என்பது மனுவின் கடைசியில் வரும் அரை வரி. எண்ணும் கோடும் புள்ளியுமாக, கோலத்தின்மேல் கோழி நடந்த மாதிரி இருக்கும். அதைப் போட்டால் சாயங்காலத்துக்குள் தெருக்குழாயில் நாற்பது நிமிடம் தண்ணீர் வரும். போடாவிட்டால் வராது. மனுவுக்குக் காசு வாங்கும் முப்பிடாதி கொசுறுக்கு வாங்கியதில்லை. "கறிவேப்பிலைக்கு எவளாவது காசு வாங்குவாளா?" என்பாள்.

பத்தொன்பதாம் வட்டத்து உப்பளக் குடியிருப்பு ஆறு வருடமாக அந்தக் கறிவேப்பிலையில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஜெபக்கனி வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். இன்ஜினியரிங் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவள். நீராணியைப் பராமரிக்கும் ஒப்பந்த வேலையில் எட்டு வருடமாக இருப்பவள். பிறந்ததும் இருப்பதும் உப்பளக் குடியிருப்பில்தான்.

"யக்கா, எந்திரி. மேசைய மடக்கு."

"ஏட்டி, வரிசைல நில்லு. உனக்குன்னு தனி கேட்டு போட்டிருக்கா?"

"பதினோராம் வட்டத்துல குழாய்ல என்ன வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"உப்புத்தண்ணி வந்துச்சாம். நம்ம தெருவுல தெனமும் உப்புக்காத்துதான் வருது. எவன் கேட்டான்?"

"வெறும் உப்பு இல்ல. கடல்தண்ணிய சுத்தம் பண்ணிட்டு மிச்சத்தைக் கழிச்சுவிடுற குழாய். மருந்து கலந்த கழிவு. நாப்பத்திமூணு பேரு ஆஸ்பத்திரில கெடக்காங்க. டெய்லர் சேசுராஜ் காலைல செத்துட்டாரு."

முப்பிடாதியின் விரல் திரைமேல் அப்படியே நின்றது.

"அந்தக் குழாய் நம்பர் முப்பத்தொண்ணு. அதைத் திறந்துவிட்டது ஒரு மனு. எழுதினது நீ."

வரிசையில் நின்ற இரண்டு பேர் மெல்ல நகர்ந்து போனார்கள்.

மனு எழுதுகிறவர்கள் யாரும் மனுவைப் புதிதாக எழுதுவதில்லை. பழைய மனு ஒன்றை எடுப்பார்கள். பெயரை மாற்றுவார்கள், தெருவை மாற்றுவார்கள், தேதியை மாற்றுவார்கள். முதியோர் உதவித்தொகை கேட்ட கிழவர் ஒருவரின் மனு 'கணவனை இழந்த அபலையாகிய நான்' என்று போனது ஊரறிந்த கதை. உதவித்தொகை வந்துவிட்டது. அதனால் அந்த வழக்கத்தைத் தவறென்று யாருக்கும் தோன்றியதில்லை.

"மீன் ஏலக்கூடத்துக்காரங்க தரை கழுவ உப்புத்தண்ணி கேட்டிருந்தாங்க" என்றாள் முப்பிடாதி. குரல் இறங்கியிருந்தது. "பதினோராம் வட்டத்துக்காரங்களுக்கு எழுத அந்த மனுவத்தான் எடுத்தேன். ஏலக்கூடம்ங்கறத மாத்தி பதினொண்ணு போட்டேன். முப்பத்தொண்ண மாத்தல. விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சு."

"ஏன் திருப்பிச் சொல்லுத? நானே கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

ஜெபக்கனி மேசையின் மறுபக்கம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இந்தக் கொசுறு உனக்கு எங்கேர்ந்துக்கா கிடைச்சுது?"

"பஜ்ஜி மடிச்ச தாள்ல. ஆபீஸ்காரன் பழைய காகிதத்த எடைக்குப் போட்டிருக்கான். தெருவிளக்கு எரியலைன்னு ஒரு மனு. கீழ இந்தக் கிறுக்கல். பத்தொன்பது, நாலுன்னு ரெண்டு நம்பர். நான் பழைய மனுவ மாத்தி எழுதிப் பொழைக்கறவ. திருப்பிப் போட்டுப் பாத்தேன், நாலு, பத்தொன்பதுன்னு. சாயங்காலம் நம்ம தெருவுல தண்ணி. அம்புட்டுதான் என் சாமர்த்தியம்."

"சாமர்த்தியம் இல்ல, ஓட்டை. மனு வந்ததும் ரசீது அனுப்ப நீராணி இன்னொரு புரோகிராமக் கூப்பிடுது. கூப்பிடுறப்ப உன் வரியத் தனியாக் கொடுக்கல. தன்னோட ஆணையோட ஒட்டி ஒரே வரியாக் கொடுக்குது. எது நீ சொன்னது, எது நீராணி சொன்னதுன்னு வாங்குறவனுக்குத் தெரியாது. கடைசில கிடக்குறதையும் ஆணைன்னு நினைச்சு செஞ்சுட்டுப் போறான்."

"கையெழுத்துக்கு மேல இடம் விட்ட பத்திரம் மாதிரி."

"அதேதான்."

"அதுக்குத்தான மிச்ச இடத்துல கோடு போட்டு அடைக்கது. இது தெரியாதவனா அந்த மெஷினச் செஞ்சான்?" முப்பிடாதி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். "சரி, அடை. ஒருத்தன் செத்துட்டான், அடைச்சுத்தான் ஆகணும். அடைச்ச பொறவு நம்ம தெருவுக்குத் தண்ணி?"

ஜெபக்கனி எழுந்து போனாள்.

*

செயற்பொறியாளர் தாமோதரனின் அறையில் குளிர் அதிகம். அவர் மேசைமேல் வெள்ளித் தட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் எப்போதும் மூடி வைத்திருக்கும். அவர் குடித்து ஜெபக்கனி பார்த்ததில்லை.

"ரெண்டு வேலை. அஞ்சு மணிக்குள்ள முடியணும். ஒண்ணு, இந்தத் தில்லுமுல்லு பண்ணினவங்க பட்டியல். போலீஸ் கேக்குது. ரெண்டு வருஷத்துக்கு எடுத்தா போதும். இன்னொண்ணு, பத்தொன்பதாம் வட்டத்துலேர்ந்து வர்ற மனுவை நீராணி வாங்கவே கூடாது. தடை போட்டுரு."

"அந்த வட்டத்துல ரெண்டாயிரத்து முன்னூறு வீடு இருக்கு சார்."

"இருக்கட்டும். சர்வருக்குள்ள புகுந்து ஆணை கொடுக்கறது குற்றம். மூணு வருஷம் உள்ள இருக்கணும். குழாய் இணைப்பும் போயிரும்."

"தடையெல்லாம் வேலைக்கு ஆகாது சார். போன வருஷமே போட்டுப் பாத்தோம். கொசுறுல வர்ற நாலு குறியத் தடுத்தோம், ரெண்டே நாள்ல அஞ்சாவது குறியோட மனு வந்துச்சு. பல்லி வால் மாதிரி, வெட்ட வெட்ட முளைக்கும். பத்தொன்பதைத் தடுத்தா பன்னெண்டுலேர்ந்து அனுப்புவாங்க. எதையெல்லாம் தடுக்கணும்னு எழுதப் போனா பட்டியல் முடியவே முடியாது. எதை மட்டும் விடணும்னு எழுதணும். அது சின்னப் பட்டியல். அப்புறம் மனுவையும் ஆணையையும் பிரிச்சுட்டா எவன் என்ன எழுதினாலும்..."

"ஜெபக்கனி." அவர் சிரித்தார். "டிகிரி முடிச்சிருந்தா இந்த நாற்காலில நீ உக்காந்திருப்ப. முடிக்கல. நான் சொல்றதை மட்டும் செய்."

"போன வருஷம் வெளியிலேர்ந்து வர்ற மனுவுக்கு மட்டும் தடை போடச் சொன்னீங்க. ஆபீஸுக்குள்ளேர்ந்து வர்றதைத் தொடாதேன்னீங்க. இப்ப ஒரு வட்டத்தை மட்டும்ங்கறீங்க. ஓட்டை அப்படியேதான சார் இருக்கு?"

தாமோதரன் டம்ளரின் மூடியைத் திருப்பினார். "அந்தப் பட்டியல்ல உன் பேரும் இருக்கும்ல?"

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"எடுத்துரு. நான் பாக்கல."

*

இரண்டு வருடம் போதும் என்று ஒருவர் அவசரமாகச் சொன்னால், மூன்றாவது வருடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். ஜெபக்கனிக்குத் தோன்றியது. சர்வர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நீராணி பிறந்த நாளிலிருந்து வந்த அத்தனை மனுக்களிலும் கொசுறைத் தேடச் சொன்னாள். தேடி முடிக்க இருபது நிமிடம் ஆகும் என்றது. டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சாதத்தைச் சாப்பிட்டாள்.

முதலில் தன் பெயரைத்தான் பார்த்தாள். வரிசை எண் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அதற்குப் பிறகு இன்னும் இருநூறு இடங்களில். சம்பளம் வாங்கும் இடத்திலேயே திருடுகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் நெஞ்சு குத்தியிருக்கிறது. ஆனாலும் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

பிறகு பட்டியலின் தலைக்குப் போனாள். முப்பிடாதியின் பெயர் அங்கே இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை.

வரிசை எண் ஒன்று: அழகியநம்பி, கதவு எண் 1, கடற்கரைச் சாலை, நான்காம் வட்டம். பொருள்: தெருவிளக்கு எரியவில்லை. தேதி, ஒன்பது வருடங்களுக்கு முன்னால். நேரம், காலை ஆறு மணி ஐந்து நிமிடம்.

வரிசை எண் இரண்டும் அழகியநம்பி. மறுநாள், அதே ஆறு ஐந்து. அதே தெருவிளக்கு. மூன்றும் அவர்தான். முதல் ஆயிரத்துத் தொண்ணூற்றாறு வரிசை எண்களும் அவர்தான். அதற்குப் பிறகுதான் முப்பிடாதி வருகிறாள். அதன் பின்னும் அழகியநம்பி ஒரு நாள் விடவில்லை. ஊர் மனுக்களுக்கு நடுவே தினமும் ஒருமுறை தலைகாட்டிக்கொண்டே இருந்தார். இன்று காலை வரை மூவாயிரத்து இருநூற்று எண்பத்தேழு மனுக்கள். ஒரே விளக்கு. யாரும் அதை எரியவைக்கவும் இல்லை, ஏன் எரியவில்லை என்று கேட்கவும் இல்லை.

ஒவ்வொரு மனுவின் அடியிலும் கொசுறு. பத்தொன்பதிலிருந்து நாலுக்கு.

ஜெபக்கனி டிபன் பாக்ஸை மூடினாள். நீராணியின் முறை அட்டவணையைத் திறந்தாள். அரசு உத்தரவுப்படி எந்த வட்டத்துக்கு எப்போது தண்ணீர் என்று முதல் நாளே ஏற்றி வைத்த அட்டவணை அது. உப்பளக் குடியிருப்புக்கு முறையே இல்லை என்றுதான் ஊரில் பேச்சு. குழாய் இருக்கிறது, முறை இல்லை. அப்படித்தான் அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். சொன்னதை அவளும் ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை; எட்டு வருடம் அதே சர்வரின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறாள்.

பத்தொன்பதாம் வட்டம்: தினமும் காலை ஆறு பத்து முதல் ஒன்றரை மணி நேரம்.

ஆறு பத்துக்குத் தண்ணீர். ஆறு ஐந்துக்கு அழகியநம்பி. கடற்கரைச் சாலையில் இருப்பவை பங்களாக்களும், நீச்சல் குளம் வைத்த ஒரு ஓட்டலும். கதவு எண் ஒன்று என்று அங்கே வீடே கிடையாது. மனுக்கள் எந்த இயந்திரத்திலிருந்து கிளம்பின என்று பார்த்தாள். செயற்பொறியாளர் அறை.

திருடித் தின்கிறோம் என்று நினைத்துக் கூசிக் கூசித் தின்றதெல்லாம் உப்பளக் குடியிருப்பின் இலையில் விழவேண்டிய சோறு. அதிலும் பாதிக்கு மேல் எதிர் இலைக்குப் போயிருந்தது.

அழவில்லை. அழுவதற்கு நேரமும் இல்லை, மணி இரண்டரை.

மனுவையும் ஆணையையும் ஒட்டித் தைத்திருந்த அந்த ஒற்றை வரியை முதலில் பிரித்தாள். இனி மனு தனிப் பெட்டியில் போகும். பெட்டிக்குள் இருப்பது வெறும் எழுத்து. எத்தனை கோடும் புள்ளியும் போட்டாலும் யார் காதிலும் அது ஆணையாக விழாது. பிறகு வால்வுகளுக்குச் சின்னதாக ஒரு பட்டியல் எழுதினாள். அட்டவணையில் உள்ள குழாய், அட்டவணையில் உள்ள தெரு, அட்டவணையில் உள்ள நேரம். அதில் இல்லாத எதையும் வால்வு கேட்காது, சொல்வது கலெக்டரே ஆனாலும். முப்பத்தொன்றாம் குழாய் எந்தக் குடிநீர்த் தெருவோடும் சேராது. கடைசியாக, மனு வாங்கும் புரோகிராமின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை அவிழ்த்தாள். ரசீது கொடுக்கிறவனுக்கு ஊர்த் தண்ணீரின் சாவி எதற்கு?

முப்பிடாதியின் கொசுறைத் தானே தட்டி அனுப்பிப் பார்த்தாள். ரசீது வந்தது. வால்வு அசையவில்லை. அழகியநம்பியின் கொசுறையும் அனுப்பினாள். ரசீது வந்தது. அசையவில்லை.

அதன் பிறகுதான் பட்டியலை எடுத்தாள். வரிசை எண் ஒன்றிலிருந்து.

*

தாமோதரன் முதல் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு வருஷம்தானே கேட்டேன்."

"பதிவேடுன்னா ஒண்ணுலேர்ந்துதான சார் ஆரம்பிக்கணும்."

"நான் ஆரம்பிச்சது இல்ல இது." குரலில் அதிகாரம் இல்லை. "நான் இந்த ரூமுக்கு வந்தப்பவே ஓடிட்டிருந்தது. அந்த ஓட்டல்காரங்க, மேலிடம், எல்லாம் பழைய ஏற்பாடு. நான் நிறுத்தல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான் சார். முப்பிடாதி அக்காவும் ஒரு நம்பரை மாத்தல, அவ்வளவுதான். அவ மேல கேஸ் போடுறீங்க."

"இதைக் கொடுத்தா உன் பேரும் போகும். நாலாயிரத்துச் சொச்சத்துல இருக்க நீ. ஒப்பந்தம் போகும். கேஸ் வரும்."

"தெரியும். எடுக்கல."

"கொடு, நான் பாத்துக்கறேன்." கையை நீட்டினார்.

"உங்க கைல இருக்குறது உங்க பிரதி. கலெக்டருக்கும் விசாரணை அதிகாரிக்கும் நாலு மணிக்கே போயிருச்சு. வாசல் பலகைல ஒண்ணு ஒட்டியிருக்கேன். மனுப் பதிவேடு யார் வேணா பாக்கலாம்னு உங்க விதிலதான் இருக்கு. ஓட்டையையும் அடைச்சுட்டேன்."

தாமோதரன் எழுந்தார். "ஓட்டையத் திறந்து பழையபடி வை. பத்தொன்பதுக்கு மட்டும் தடை போடு. இது உத்தரவு."

"எழுத்துல கொடுங்க."

அவர் அவளையே பார்த்தார்.

"உங்க கையெழுத்தோட. திறக்கச் சொல்லி, எதுக்குத் திறக்கணும்னு காரணமும் எழுதி. கையெழுத்துக்கு மேல மிச்ச இடம் இருந்தா கோடு போட்டு அடைச்சுக் கொடுங்க. நாளைக்கு யாராவது எதையாவது சேத்துட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவர் உட்கார்ந்தார். பேனாவை எடுக்கவில்லை. டம்ளரின் மூடியை நகர்த்தித் தண்ணீரைக் குடித்தார். ஜெபக்கனி அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

*

மறுநாள் காலை ஆறு பத்துக்கு உப்பளக் குடியிருப்பின் தெருக்குழாய்கள் இரண்டு தடவை இருமின. பிறகு தண்ணீர் கொட்டியது.

ஒரு குடம்கூட வெளியே இல்லை. எல்லாம் வீட்டுக்குள் கவிழ்ந்து கிடந்தன. தண்ணீர் சாயங்காலம் வரும், மனு போட்டால் வரும். காலையில் வரும் என்று அந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"யாரு மனு போட்டது?"

"நான் போடல."

"நேத்துதான் போலீஸ் பேரெடுக்குன்னாங்க, அதுக்குள்ள எந்தச் செருக்கி போட்டா?"

"தொடாதீங்கட்டி. பதினோராம் வட்டத்துல குடிச்சவங்க கெடக்கறதப் பாத்தீங்கள்ல."

தண்ணீர் தெருவில் ஓடி உப்பளத்துப் பக்கம் இறங்கியது. ஜெபக்கனி கூட்டத்தை விலக்கிப் போய் குழாயடியில் குனிந்தாள். இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நல்ல தண்ணி. நம்ம முறை. யாரும் மனு போடல, போட வேண்டாம். ஏழு நாப்பது வரைக்கும் வரும். நாளைக்கும் வரும்."

யாரும் நகரவில்லை. கேட்டு வாங்கியே பழகியவர்களுக்குக் கேட்காமல் வருவது பயமாக இருந்தது. கடைசியில் ஒருத்தி ஓடிப்போய்க் குடத்தை எடுத்து வந்தாள். பிறகு எல்லாரும் ஓடினார்கள்.

முப்பிடாதி தன் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கசங்கிய புடவை, தூங்கிய முகமாக இல்லை.

"சேசுராஜ் வீட்டுக்குப் போயிருந்தேன். நான்தான்னு சொன்னேன். அவன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லல. செருப்பால அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்." தெருவில் குடங்கள் ஓடுவதைப் பார்த்தாள். "அப்ப இது நம்ம தண்ணியா? ஆறு வருஷமா நம்ம தண்ணியத்தான் நாம திருடுனமா?"

"ஆமா."

"நல்ல கூத்து." டேப்லெட்டை மடியில் எடுத்து வைத்தாள். "என் பொழப்பு போச்சு. இனி என்னத்த எழுத?"

தெருமுனையில் ஜீப் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கி, ஓடும் தண்ணீரை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்தார்கள். ஒருவர் கையில் அந்தப் பட்டியல் இருந்தது. ஜெபக்கனி நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். முனையிலிருந்து உப்பளம் வரை ஒன்பது கம்பங்கள். ஒன்றிலும் பல்பு இல்லை. அவள் சிறுமியாக இருந்தபோது இருந்ததாக ஞாபகம்.

"தெருவிளக்கு எரியலைன்னு எழுதுக்கா" என்றாள். "நெஜமாவே எரியல."

முப்பிடாதி கம்பங்களைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிள்ளையார் சுழி போட்டாள். பழைய மனு எதையும் எடுக்கவில்லை.

"முப்பிடாதிங்கறது யாரு? ஜெபக்கனி?" என்றார் போலீஸ்காரர்.

"நாங்கதான். நில்லும், வாறோம்" என்றாள் முப்பிடாதி, தலையைத் தூக்காமல். "மனு பாதில நிக்கி."

கடைசி வரியை முடித்து, அதன் கீழே மிச்சமிருந்த இடத்தில் ஓரம் முதல் ஓரம் வரை விரலால் ஒரு கோடு இழுத்தாள்.